அப்பாவின் புத்தகத்துக்கு எந்த எழுத்துரு?

கேள்வி இது. ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியரான அப்பா முப்பது வருடமாக எழுதிய கட்டுரைகளை மகள் 160 பக்கப் புத்தகமாகக் கொண்டுவரப் போகிறார். வேர்டில் பக்கம் அமைப்பதும் அவரே. இப்போது எல்லாம் லதா எழுத்துருவில் இருக்கிறது. பார்த்தவர்கள் எல்லாரும் "ஃபாண்டை மாத்து" என்கிறார்கள், ஆனால் ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். "உங்களுக்குப் பிடித்த தமிழ் எழுத்துரு எது, ஏன்?" என்று கேட்டிருக்கிறார்.

முதலில் நேரான பதில். உங்கள் புத்தகத்துக்கு நோட்டோ செரிஃப் தமிழ், 11 பாயின்ட், வரிக்கு வரி 17 பாயின்ட். அது ஏனோ ஒட்டவில்லை என்றால் டிரோ தமிழ். போனிலோ கணினித் திரையிலோ படிப்பதற்கு என்றால் முக்த மலர். மூன்றும் கூகுளின் எழுத்துருத் தளத்தில் இலவசம். திறந்த உரிமத்தில் வருபவை என்பதால் புத்தகம் அச்சிட்டு விற்பதற்கும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். அவசரம் என்றால் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். 'ஏன்' என்று கேட்டுவிட்டீர்களே, அதற்குத்தான் மீதி.

நான் 1998இல் பாளையங்கோட்டையில் ஒரு டிடிபி கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். பேஜ்மேக்கர், ஒரு லேசர் பிரின்டர், டிரேசிங் பேப்பர், கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, கடை நோட்டீஸ். அன்றிலிருந்து இன்றுவரை தமிழ் எழுத்தைப் பக்கத்தில் உட்காரவைப்பதுதான் என் பிழைப்பு. ஆகவே என் ருசியில் பாதி அந்தக் கடையிலிருந்து வந்தது. அதை மறைக்க மாட்டேன்.

லதாவை எல்லாரும் திட்டுகிறார்கள். எனக்கு அதன்மேல் ஒரு பாசம் உண்டு. விண்டோஸ் 2000உடன் வந்த எழுத்துரு அது. அதற்கு முன்பு ஒரு தமிழ்ப் பத்திரிகையை இணையத்தில் படிக்கவேண்டும் என்றால் அந்தப் பத்திரிகைக்கென்று ஓர் எழுத்துருவை இறக்கி நிறுவவேண்டும். அடுத்த பத்திரிகைக்கு இன்னொன்று. லதா வந்த பிறகு, எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடில் எழுதிய எதையும் எதுவும் நிறுவாமல் படிக்க முடிந்தது. சரி, 'எதுவும் நிறுவாமல்' என்பது கொஞ்சம் மிகை. எக்ஸ்பியில் கண்ட்ரோல் பேனலுக்குள் போய், சிக்கலான எழுத்துமுறைகளுக்கான கோப்புகளை நிறுவு என்ற பெட்டியில் டிக் அடிக்கவேண்டும். அடித்ததும் அது விண்டோஸ் சிடியைக் கேட்கும். சிடி யாரிடமும் இருக்காது. எத்தனை வீடுகளுக்கு நான் அந்த சிடியோடு போயிருக்கிறேன்!

ஆனால் பாசம் வேறு, புத்தகம் வேறு. லதாவின் எழுத்துகள் அகலமானவை, உருண்டையானவை, கோடு எங்கும் ஒரே தடிமன். மங்கலான பழைய குண்டுத் திரையில் தெரிவதற்கு அது நல்ல குணம். தாளில் அதுவே பாரம். தமிழ்ச் சொற்கள் ஏற்கெனவே நீளம். 'சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்' என்று உங்கள் அப்பா ஒரு வார்த்தை எழுதினால், லதாவில் அது ஏறக்குறைய ஒரு வரியையே அடைத்துக்கொள்ளும். இரண்டு ஓரமும் சமமாக வரவேண்டும் என்று அமைத்திருந்தால் அதற்கு முந்தைய வரியில் சொற்களுக்கு இடையே மாட்டுவண்டி போகும் அளவுக்கு இடைவெளி விழும். அந்த இடைவெளிகள் ஒன்றன்கீழ் ஒன்றாகச் சேர்ந்து பக்கத்தில் வெள்ளை வாய்க்கால் ஓடும். அப்புறம், 160 பக்கம் என்று நீங்கள் கணக்குப் போட்டிருப்பது லதாவில்தானே? எழுத்துருவை மாற்றினால் கணிசமாகக் குறையும். அச்சகத்தில் விலை கேட்பதற்கு முன்பே மாற்றிவிடுங்கள்.

இதைச் சரிசெய்கிறேன் என்று சிலர் விஜயாவுக்குப் போவார்கள். விண்டோஸ் 7உடன் வந்தது. அதில் தடித்தும் மெலிந்தும் போகிற கோடு உண்டு, அச்செழுத்தின் சாயல் உண்டு, எனக்குப் பிடிக்கும். ஆனால் அளவு ஏமாற்றும். லதாவில் 12 பாயின்ட் போட்டால் பெரிதாகத் தெரிகிற வரி, விஜயாவில் அதே 12இல் மருந்துச் சீட்டு எழுத்துப்போல் சுருங்கிவிடும். பாயின்ட் என்பது எழுத்தின் உயரம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது எழுத்தை வைத்திருக்கும் பெட்டியின் உயரம்தான். பெட்டிக்குள் தமிழை எவ்வளவு பெரிதாக வரைவது என்பது வரைந்தவர் விருப்பம். ஆகையால் "தமிழுக்கு 12 பாயின்ட் போடு" என்று யாராவது எழுத்துருப் பெயர் இல்லாமல் சொன்னால் அந்த அறிவுரைக்கு அர்த்தமே இல்லை.

அளவுத் தொல்லை நேற்று வந்ததும் இல்லை. தரங்கம்பாடியில் அச்சகம் தொடங்கியபோது, 1713இல் ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தமிழ் அச்செழுத்துகள் கப்பலில் வந்தன. அவை மிகப் பெரியவை. அதில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டால் தாளுக்குக் கட்டுப்படியாகாது என்று அச்சகத்தை நடத்திய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்குவின் ஆட்கள் இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்துக்கொண்டார்கள். முந்நூறு வருடம் கழித்து நீங்களும் நானும் அதே காரணத்துக்காக லதாவை மாற்றிக்கொண்டிருக்கிறோம்.

இப்போது என் சாய்வைச் சொல்கிறேன். புத்தகத்துக்கு, தடித்தும் மெலிந்தும் போகும் கோடு உள்ள எழுத்துருதான் எனக்கு வேண்டும். கண் ஒரு பக்கத்தில் தாவித் தாவி ஓடுகிறது, போகிற போக்கில் எழுத்துகளைப் பிரித்தறிய வேண்டும். தமிழில் ஏற்கெனவே வளைவுகள் அதிகம். ண, ன, ள, ல, ழ, ம எல்லாமே ஏதோ ஒரு சுழியும் ஒரு நிமிர்ந்த கோடும். எல்லாக் கோடும் ஒரே தடிமனில் இருந்தால் பக்கம் கம்பிவேலி மாதிரி ஆகிவிடுகிறது. நிமிர்ந்த கோடு தடித்து, வளைவு மெலிந்தால் சொல்லுக்கு ஒரு முகம் வருகிறது. இந்த வகையில் நான் பார்த்தவற்றுள் அழகானது சென்னை அமெரிக்கன் மிஷன் அச்சகத்தில் பி. ஆர். ஹண்ட் அச்சிட்ட எழுத்து. 1862இல் வெளியான வின்சுலோவின் தமிழ்-ஆங்கில அகராதி அந்த அச்சகத்தில் வந்ததுதான். அதன் மறுபதிப்போ ஸ்கேனோ கிடைத்தால் ஏதாவது ஒரு பக்கத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அவ்வளவு சிறிய அளவில் அவ்வளவு தெளிவு.

சரி, இதைப் பாரம்பரியம் என்று சொல்லி உங்கள்மேல் திணிக்கலாமா என்றால் முடியாது. ஏனென்றால் ஓலைச்சுவடியில் எழுத்தாணியால் கீறியவருக்குத் தடித்த கோடு ஏது, மெல்லிய கோடு ஏது? எழுத்தாணிக் கோடு எங்கும் ஒரே தடிமன்தான். அந்தக் கணக்கில் லதாதான் சுவடிக்குப் பக்கத்து வீடு! தடித்த-மெலிந்த கோடு பேனாவும் அச்சும் கொண்டுவந்தது. ஆகவே என் விருப்பத்துக்குக் காரணம் பழமை இல்லை, பழக்கம். நான் படிக்கக் கற்றுக்கொண்ட பாடப்புத்தகமும், வாசக சாலையில் எடுத்த நாவலும், வார இதழும் அப்படி இருந்தன. உங்கள் அப்பாவுக்கும் அப்படித்தான். அவருடைய புத்தகத்தை வாங்கப்போகிறவர்களில் பலர் அவர் வயதுக்காரர்களும் அவரிடம் படித்தவர்களும் என்று வைத்துக்கொண்டால், அவர்கள் கண்ணும் அங்கேதான் பழகியது. போனிலேயே படித்து வளர்ந்த இருபது வயதுப் பிள்ளைக்கு ஒரே தடிமன் கோடுதான் 'சாதாரணத் தமிழ்'. அவருக்கான புத்தகம் என்றால் என் பதில் வேறாக இருந்திருக்கும்.

எந்த எழுத்துருவையும் பெயரைப் பார்த்தோ மாதிரிப் படத்தைப் பார்த்தோ எடுக்காதீர்கள். மாதிரிப் படத்தில் 60 பாயின்டில் 'தமிழ்' என்று ஒற்றைச் சொல் இருக்கும். அதில் எல்லாமே அழகுதான். நான் ஒரு வாக்கியம் வைத்திருக்கிறேன்:

ஔவை நாவல் மரத்தடியில் முழுக் கண்ணீரோடு டீ குடித்தாள். ஏனென்று ஞானவேல் எழுதவில்லை.

இதை நீங்கள் அச்சிடப்போகும் அளவிலேயே அடித்து, தாளில் எடுத்து, கை நீட்டிப் பிடித்துப் பாருங்கள். முதல் எழுத்து ஔ. அதிலுள்ள கொம்புக்கால் சின்னதாக, ஒட்டினாற்போல் இருக்கவேண்டும். ள அளவுக்கே இருந்தால் அது ஒ, ள என்று இரண்டு எழுத்தாகத்தான் தெரியும். அடுத்து 'மரத்தடி'. ரகரத்தின் கால் கீழே சாய்ந்து தெரிகிறதா? ரகரத்துக்கும் துணைக்காலுக்கும் உள்ள ஒரே வித்தியாசம் அந்தச் சின்னக் கால்தான். சில எழுத்துருக்களில் அது கூச்சப்பட்டுக்கொண்டு நிற்கும். மரம் என்பது மாம் என்று தெரியும். பிறகு 'முழு'. மு, ழு இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது இரட்டைப் பிள்ளைகளாகத் தெரிந்தால் அந்த எழுத்துருவை விட்டுவிடுங்கள். 'கண்ணீர்' என்பதில் ணீயின் மேல்சுழி அடைத்துக்கொண்டால் கண்ணிர் ஆகிவிடும். டீயிலும் அதே சோதனை. ஏ, எ இரண்டுக்கும் நடுவில் ஒரு சாய்ந்த கோடுதான் வேலி.

கடைசியாகப் புள்ளி. புள்ளியைப் பற்றி ஒரு கதை சொல்லியாகவேண்டும். ஓர் அறக்கட்டளைக்கு நன்கொடை ரசீது அடித்துக் கொடுத்தோம். இடம் பத்தவில்லை என்று தலைப்புக்குக் கீழே ஒரு வரியை 7 பாயின்டுக்கு இறக்கினேன். நான் தேர்ந்தெடுத்திருந்த எழுத்துருவில் புள்ளி கடுகைவிடச் சின்னது. டிரேசிங்கிலேயே மங்கிவிட்டது, அச்சில் காணாமலே போய்விட்டது. 'ஏழைக் குழந்தைகள் கல்வி நிதி' என்று இருக்கவேண்டிய வரியில் ல் மேலிருந்த புள்ளி இல்லை. என்ன வந்தது என்று நீங்களே படித்துக்கொள்ளுங்கள். ஐந்நூறு ரசீதுப் புத்தகம். கடைக்கார அண்ணாச்சி என்னை ஒன்றும் சொல்லவில்லை. ஒரு கறுப்புப் பேனாவை மட்டும் கையில் கொடுத்தார். அன்றிலிருந்து எந்த எழுத்துருவைப் பார்த்தாலும் முதலில் புள்ளியைத்தான் பார்ப்பேன். நல்ல புள்ளி, எழுத்தின் தடித்த கோட்டின் அகலத்துக்காவது குறையாமல் இருக்கவேண்டும். எழுத்தின் தலையில் ஒட்டிக்கொள்ளாமல் கொஞ்சம் மூச்சுவிட இடம் வேண்டும்.

வரி இடைவெளி. நான் 11க்கு 17 என்றது கூடுதலாகப் படலாம். ஆங்கிலப் புத்தகத்துக்கு 11க்கு 14 போதும். தமிழில் மேலே புள்ளியும் இகர ஈகாரச் சுழிகளும் ஏறுகின்றன, கீழே கு, டு, ழு, றூ எல்லாம் இறங்குகின்றன. மேல்வரியின் ழுவும் கீழ்வரியின் புள்ளியும் முட்டிக்கொண்டால் கண் தடுக்கி விழும். எழுத்துருவை மாற்றாமல் வரி இடைவெளியை மட்டும் சரிசெய்தே பாதிப் பக்கங்களைக் காப்பாற்றிவிடலாம். வேர்டில் இதைத் 'துல்லியமாக' என்ற பொருள்படும் தேர்வில் எண்ணாகக் கொடுங்கள். ஒன்றரை, இரண்டு என்ற மடங்கில் விடாதீர்கள். மடங்கில் விட்டால் ஒவ்வோர் எழுத்துருவும் தன் பெட்டி உயரத்தை வைத்துப் பெருக்கிக்கொள்ளும். விண்டோஸ் 8 முதல் வருகிற நிர்மலா யூஐயில் இந்த வேடிக்கையைப் பார்க்கலாம். தேவநாகரி, வங்காளம், மலையாளம் என்று பல எழுத்துகளைத் தாங்கும் எழுத்துரு அது. எல்லாருக்கும் தலையும் காலும் இடிக்காத உயரத்தில் கூரை போட்டிருப்பதால் தமிழ் மட்டும் எழுதினாலும் வரிகள் தள்ளித் தள்ளி நிற்கும். திரைக்கு நிர்மலா நல்ல எழுத்துரு, மெனுவுக்கும் மின்னஞ்சலுக்கும் நான் அதைத்தான் வைத்திருக்கிறேன். புத்தகத்துக்கு எடுத்ததில்லை.

வேர்டில் இன்னொரு இடக்கு உண்டு. முழுவதையும் தேர்ந்தெடுத்துப் புதிய எழுத்துருவைக் கொடுப்பீர்கள். ஆங்கிலமும் எண்களும் மாறும், தமிழ் அசையாது. அல்லது பெயர் மாறும், அளவு மாறாது. தமிழைச் சிக்கலான எழுத்துமுறை என்று தனிக் கணக்கில் வைத்திருக்கிறார்கள். எழுத்துருப் பெட்டியைத் திறந்தால் அதற்கென்று கீழே தனி இடம் இருக்கும். அங்கே பெயர், அளவு இரண்டையும் கொடுக்கவேண்டும். லிப்ரே ஆபிஸிலும் இப்படி இரட்டைக் கணக்குதான். இதை 'ஸ்டைல்' என்கிற பாணி அமைப்பிலேயே ஒரு முறை அமைத்துவிடுங்கள், பத்தி பத்தியாகச் செய்யாதீர்கள்.

அட்டையை யாராவது போட்டோஷாப்பில் செய்து தருவதாக இருந்தால் அவரிடம் ஒன்று சொல்லுங்கள்: பழைய பதிப்பாக இருந்தால் எழுத்து அமைப்புகளில் தெற்காசிய மொழிகளுக்கான தேர்வை இயக்கவேண்டும். இல்லாவிட்டால் கொம்பு கழன்று எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். யூனிகோடில் 'கொ' என்பது முதலில் க, பிறகு ஒகரக் குறி என்ற வரிசையில்தான் சேமிக்கப்படுகிறது. கொம்பை இடப்பக்கம் கொண்டுபோவது மென்பொருளின் வேலை. அந்த வேலை தெரியாத மென்பொருளில் உலகத்தின் மிக அழகிய தமிழ் எழுத்துருவும் கொம்பு ஒடிந்த மாடாகத்தான் நிற்கும். பல துணிக்கடைப் பலகைகளில் பார்த்திருப்பீர்கள்.

போல்டு, இட்டாலிக் பற்றியும் என் கருத்தைக் கேளுங்கள். தமிழில் சாய்ந்த எழுத்துக்கென்று அச்சு மரபு கிடையாது. ஆங்கிலத்தில் இட்டாலிக் என்பது தனியாக வரையப்பட்ட வேறு உருவம். தமிழில் பெரும்பாலும் நிமிர்ந்த எழுத்தைக் கணினி பிடித்துத் தள்ளிவிடுகிறது. நோட்டோ செரிஃப் தமிழில் சாய்ந்த வடிவத்தை முறையாகவே கொடுத்திருக்கிறார்கள், ஆனாலும் நான் பயன்படுத்துவது அரிது. மேற்கோளுக்கு ஒற்றை மேற்கோள்குறியோ, ஒரு பாயின்ட் குறைத்து உள்தள்ளியோ போட்டால் போதும். போல்டு தலைப்புக்கு மட்டும். அதிலும் ஒன்று கவனியுங்கள்: மீரா இனிமை, பவனம் போன்ற எழுத்துருக்கள் ஒரே ஒரு தடிமனில்தான் வருகின்றன. அவற்றில் நீங்கள் போல்டு அழுத்தினால் வேர்டு தானாகவே கோட்டைச் சுற்றி மை பூசும். ணவின் சுழிகளும் ஞவின் வயிறும் அடைத்துக்கொள்ளும். குடும்பமாக வருகிற எழுத்துருவை எடுங்கள். நோட்டோவில் மெல்லியதிலிருந்து கறுகறுவென்று தடித்ததுவரை வரிசையாக உண்டு.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், நண்பர்கள் சொன்ன பெயர்கள் இவற்றுள்தான் இருக்கும். கட்டமரான்: பிரியா ரவிச்சந்திரன் வரைந்தது, நம் கட்டுமரம்தான் பெயர், ஒன்பது தடிமன்களில் வருகிறது, தலைப்புக்கும் இணையத்துக்கும் மிடுக்காக இருக்கும், பத்தியாகப் போட்டால் எனக்கு ஒரு பக்கத்துக்கு மேல் ஓடவில்லை. ஹிந்த் மதுரை: இந்தியன் டைப் ஃபவுண்டரி செய்தது, அடக்கமான அகலம், அலுவலக அறிக்கைக்குச் சரி. முக்த மலர் மும்பையிலுள்ள ஏக் டைப் குழுவினருடையது. ஒரே தடிமன் கோடுதான், இருந்தும் சின்ன அளவில் எழுத்துகள் குழம்புவதில்லை. என் போனில் மின்நூல் படிக்க அதைத்தான் வைத்திருக்கிறேன். அதே குழுவின் அனெக் தமிழில், தடிமனோடு அகலத்தையும் வேண்டிய அளவுக்குக் கூட்டிக் குறைக்கலாம். நீளமான தமிழ்ச்சொல்லைச் செயலியின் பொத்தானுக்குள் அடைக்கவேண்டியவர்களுக்கு அது வரம். பலூ தம்பியும் அவர்களுடையதுதான். கரடிக்குட்டி மாதிரி கொழுகொழுவென்று இருக்கும். பல மொழிகளுக்கு உறவுப்பெயர் வைத்திருக்கிறார்கள்: தமிழுக்குத் தம்பி, மலையாளத்துக்குச் சேட்டன், குஜராத்திக்குப் பாய். மிட்டாய்க் கடைக்கும் குழந்தைகள் புத்தகத்துக்கும் அருமை, உங்கள் அப்பாவின் அட்டைக்கு வேண்டாம். கவிவாணர், இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் வரைந்தது. பேனாவால் சாய்த்து எழுதிய கையெழுத்துப் போன்றது. அட்டையில் அப்பாவின் பெயருக்கோ, அவர் எழுதிய முன்னுரையின் கீழ் கையொப்பம்போலவோ போட்டால் நன்றாக இருக்கும்.

ஐபோன், மேக் வைத்திருப்பவர்கள் "எங்களுடையதில் தமிழ் அழகாகத் தெரியுமே" என்பார்கள். உண்மைதான். அதிலுள்ள இணைமதி, தமிழ் சங்கம் எம்என் எல்லாம் மலேசியாவின் முத்து நெடுமாறன் செய்தவை; எம்என் என்பது அவர் பெயரின் முதலெழுத்துகள். முரசு அஞ்சல் செய்தவரும் அவரே. ஆனால் அவை அந்தக் கருவிகளோடு வருபவை. நீங்கள் விண்டோஸில் வேலை செய்வதால் அந்தப் பக்கம் போகவேண்டாம்.

முப்பது வருடக் கட்டுரைகள் என்கிறீர்கள். பழையவை சில கணினியில் அடித்தே இருந்திருக்கும், யூனிகோடுக்கு முந்தைய பாமினி எழுத்துருவிலோ அதுபோன்ற வேறு எதிலோ. அவை தமிழே கிடையாது என்று தெரிந்துகொள்ளுங்கள். பாமினியில் 'தமிழ்' என்பது உள்ளே ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்தும் ஒரு அரைப்புள்ளியும். எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் வேடம் போட்டுவிடுகிறது. 1999இல் ஒரு கல்யாணப் பத்திரிகையை இந்த மாதிரி ஓர் எழுத்துருவில் அடித்து ஃபிளாப்பியில் சிவகாசிக்கு அனுப்பினோம், எழுத்துருவைக் கூட வைத்து அனுப்ப மறந்துவிட்டேன். மறுநாள் அச்சகத்திலிருந்து போன்: "அண்ணாச்சி, மாப்பிள்ளை பேரு இங்கிலீஷ்ல வருது. ஆனா இங்கிலீஷும் இல்ல." அந்தப் பழைய கோப்புகளை இணையத்திலுள்ள மாற்றிகளில் ஏதாவது ஒன்றில் போட்டு யூனிகோடாக்கிக்கொள்ளலாம். மாற்றிய பிறகு இரண்டு இடங்களைத் தேடிப்பாருங்கள். 'கௌரவம்' என்பதற்குப் பதில் கெ, ள என்று பிரிந்து 'கெளரவம்' என்று வந்திருக்கும். 'ஔவை' என்பது 'ஒளவை' ஆகியிருக்கும். கொம்புக்காலையும் ளகரத்தையும் ஒரே மாதிரி வரைந்திருக்கும் எழுத்துருவில் கண்ணுக்குத் தெரியாது. மின்நூலாகப் போட்டு யாராவது தேடும்போதும், வாய்விட்டுப் படிக்கும் செயலியில் கேட்கும்போதும் குட்டு வெளிப்படும். ஔவைக்கு என் சோதனை வாக்கியத்தில் முதலிடம் கொடுத்தது சும்மா இல்லை.

அப்பா பழைய பள்ளிக்காரர் என்றால் கைப்பிரதியில் னை, லை, ளை, ணை நான்கையும் யானைத் துதிக்கை போட்டுத்தான் எழுதியிருப்பார். பெரியார் 1935 முதல் தம் ஏடுகளில் புழங்கிய சீர்திருத்த வடிவத்தைத் தமிழ்நாடு அரசு 1978இல் ஆணையாக்கியது. ணா, றா, னா உட்படப் பதின்மூன்று எழுத்துகள் மாறின. பழைய வடிவத்திலேயே போடவேண்டும் என்று அவர் ஆசைப்பட்டால் அட்டையில் அவர் பெயரை மட்டும் அவர் கையாலேயே எழுதவைத்து ஸ்கேன் செய்துவிடுங்கள். உள்ளே புதிய வடிவமே இருக்கட்டும், இல்லாவிட்டால் இளையவர்கள் தடுமாறுவார்கள்.

வடமொழிச் சொற்களில் ஒரு சின்னக் கவனம். க், ஷ சேர்ந்து வந்தால் எழுத்துரு தானாகவே க்ஷ என்று கூட்டெழுத்தாக்கிவிடும். 'ரிக்‌ஷா' என்று பிரித்து எழுதத்தான் எனக்குப் பிடிக்கும். அதற்கு இரண்டுக்கும் நடுவில் இணைப்பைத் தடுக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியை இடவேண்டும். எது வேண்டுமோ வைத்துக்கொள்ளுங்கள், 160 பக்கத்திலும் ஒரே மாதிரி இருந்தால் சரி.

வரி முடிவில் சொல் உடைவதைப் பற்றிப் பயப்படாதீர்கள். தமிழ் அச்சில் சிறுகோடு போடாமலே சொல்லை உடைத்து அடுத்த வரிக்குக் கொண்டுபோவது நெடுநாள் வழக்கம். அடுத்த வரி புள்ளி வைத்த எழுத்தில் தொடங்கக்கூடாது, அவ்வளவுதான். அண்ணாச்சி இதற்காக என் தலையில் குட்டியிருக்கிறார்.

இவ்வளவும் சொன்ன பிறகும் உங்களுக்குச் சந்தேகம் இருந்தால் இப்படிச் செய்யுங்கள். அப்பாவின் கட்டுரை ஒன்றில் ஒரே பக்கத்தை நோட்டோ செரிஃபில் ஒன்று, டிரோவில் ஒன்று, லதாவில் ஒன்று என்று புத்தக அளவிலேயே தாளில் எடுங்கள். எழுத்துரு என்ற பேச்சையே எடுக்காமல், ஒரு நாளைக்கு ஒன்றாக, கண்ணாடியோடு அவரிடம் கொடுங்கள். ஒரு தாளைப் பார்த்ததும் "இதென்ன இவ்வளவு பெருசு" என்பார். இன்னொன்றைக் கொஞ்சம் தள்ளிப்பிடித்துக்கொண்டு வெளிச்சத்துக்குப் போவார். ஏதோ ஒரு தாளில் மட்டும் எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல், மூன்றாம் வரியில் ஒற்று விட்டுப்போயிருக்கிறது என்று பேனாவைக் கேட்பார். அந்தத் தாள் எந்த எழுத்துருவில் இருக்கிறதோ அதிலேயே புத்தகத்தை முடியுங்கள். லதாவாகவே இருந்தாலும் சரி.